பாக்கி

ஏலக்கணக்கு நோட்டில்தான் எழுதினோம்.
கூனிமுனையில் அப்போது வேறு நோட்டு இல்லை.
பெயர், எடை, விலை, பாக்கி
என்று அச்சடித்த நாலு கட்டம்.
பெயருக்குக் கீழே ஆட்டக்காரன்,
எடைக்குக் கீழே ஓட்டம்,
விலைக்குக் கீழே அவன் அவுட்டான விதம்.
பாக்கிக்குக் கீழே எழுத
ஒன்றும் இருக்காது.

எழுதியது நான்.
அப்பா ஏலம் கூறுகிறவர், என் கையெழுத்து கோடு மாறாது.
பொம்பளப்பிள்ளைக்கு கிரவுண்டுல என்ன சோலி என்றவர்கள்
தங்கள் கணக்கில் ஓர் ஓட்டம் குறைந்த அன்று
என் முன்னால்தான் வந்து நின்றார்கள்.

முதல் வருஷம் எண்பத்தேழு.
கச்சான் அடித்து
வள்ளமெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்த வாரம்.
உடைந்த துடுப்பு மூன்று ஸ்டம்பு.
பனைமட்டைக்குப் பெயரே மட்டைதானே,
தனியா எதுக்கு வாங்கணும் என்றார் ரோச் சம்மாட்டி.
எட்டு ஊர் வந்தால் ஏழு தோற்கணும்.
ஜெயித்த ஊருக்குக் கிடா.
இரண்டாம் பரிசு கிடையாது, குழம்பு உண்டு.

தெற்கு எல்லை கடல்.
பந்து நனைந்தால் நாலு,
பறந்து போய் விழுந்தால் ஆறு,
அடித்தவனே நீந்தி எடுத்து வரணும்.
அதனால் டாஸ் ஜெயித்தவன் பிட்ச்சைக் குனிந்து பார்க்க மாட்டான்.
கடலைப் பார்த்துக் கேட்பான்:
வத்தமா, ஏத்தமா?
ஏத்தத்தில் எல்லை முப்பது அடி உள்ளே வரும்.
வாலிநோக்கம் ஒருமுறை வத்தத்தில் ஆடி
நாற்பதுக்குள் சுருண்டு,
நிலாவைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தது.

தொண்ணூற்று மூன்றில் நடக்கவில்லை.
ஏதோ வரித் தகராறு.
அந்தப் பக்கம் முழுக்க நகரை மீன் கணக்கு.

தொண்ணூற்றாறு.
மண்டபம் முகாமிலிருந்து ஓர் அணி.
சட்டைகள் ஒரே நிறமில்லை.
ஓடி வந்து பந்தை எடுத்து எறிகிற விதத்தில்
பதினொரு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
இறுதி ஆட்டத்தில் நாங்கள் எழுபத்து நாலு.
அவர்கள் அறுபத்தாறு, ஒரு ஓவர் மிச்சம்.
நாற்பத்தொன்றில் நிற்கிறான் குலநாயகம்.
ஏத்தம் வேறு.
சீனி நெய்னா பந்தைத் தொடையில் தேய்க்கிறான்,
தேய்த்துக்கொண்டே இருக்கிறான்.

அப்போது உடைமரத்தடி லாரியிலிருந்து
ஒருவன் கை தட்டினான்.
ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்.
வராதவன் பெயருக்கு நேரே என்ன எழுதுவார்கள்
என்று அவன் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
மட்டை எங்களுடையது.
மண்ணைத் துடைத்து ஸ்டம்பில் சாய்த்து வைத்துவிட்டு
குலநாயகம் லாரியில் ஏறினான்.

நாக் அவுட் என்றால் ஒருத்தன் தோற்றே ஆகணும்
என்றது கமிட்டி.
வாக் ஓவர்.
கிடாவை அறுத்தார்கள்.
சீனி நெய்னா வயிற்றுவலி என்று போய்விட்டான்.
அவன் பங்கையும் அம்பயர் ரோச் சம்மாட்டி தின்றார்.
ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில்
நாலாவது கட்டத்தில் எழுதினேன்:
ஒன்பது ஓட்டம், ஆறு பந்து.

அப்புறம் வருஷங்கள் சிங்கிள் சிங்கிளாக ஓடின.
கிடா போய் ஃபிரிட்ஜ் வந்தது.
ஃபிளக்ஸில் தோற்றவனும் சிரித்தான்.
ஸ்கோருக்கு இப்போது செல்போனில் ஒரு ஆப்.
அதில் தண்ணீர் ஏறி எல்லை நகர்ந்ததைப் போட இடமில்லை என்று
பையன்கள் இன்னமும் என்னிடம் வருகிறார்கள்.

போன ஆடியில்
நண்டு எடுக்க வந்த ஓர் ஆள், மீசை முழுக்க நரை,
ஏலக்கூடத்தில் என்னையே பார்த்து நின்றான்.
"அந்தக் கொப்பி கிடக்கோ, அக்கா?"

கிடந்தது. ஓரமெல்லாம் கரையான்.
கண்ணாடி இல்லாததால்
கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தான்.
சீனி நெய்னாவுக்கு ஆள் அனுப்பினேன்.
வலது தோளைப் பிடித்துக்கொண்டே வந்தவன்
"கை மேல போகாது மாப்ள, உருட்டித்தான் விடுவேன்" என்றான்.
சம்மாட்டி செத்துப் பதினோரு வருஷம்.
அம்பயராக நானே நின்றேன்.

குலநாயகம் கைலியை மடித்துக் கட்டி
மட்டையை ஊன்றி
கோடு கிழித்தான்.
பிறகு நிமிர்ந்து, தெற்கே பார்த்து,
"இப்ப வத்தமோ, ஏத்தமோ?"